நம்பாதவள் வாங்கிய மருந்து

அந்த இடத்தில் "போயிட்டு வர்றேன்" என்று யாரும் சொல்லக்கூடாது. போதை மறுவாழ்வு மையம். சிகிச்சை முடிந்து வெளியே போகிறவன் வாய் தவறி "வர்றேன் சார்" என்று சொன்னால், வாசலில் நிற்கும் காவலாளி அவன் பையைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, "என்னது, வர்றியா? எதுக்கு வர்றே? ஒழுங்காச் சொல்லிட்டுப் போ" என்பார். "போறேன்" என்று சொன்னால்தான் வாசலைத் தாண்ட விடுவார். வேறு எந்த வீட்டிலாவது "போறேன்" என்று சொல்லிப் பாருங்கள், வாயிலேயே போடுவார்கள். இங்கே எல்லாம் தலைகீழ்.

என் கொழுந்தனை அழைத்து வர நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். என் வீட்டுக்காரர், என் மாமியார், நான். எனக்குப் போகவே பிடிக்கவில்லை. "நீ வரலேன்னா அவன் மனசு கஷ்டப்படும்" என்று வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போனார். அவன் மனம் கஷ்டப்படக்கூடாது என்பதுதான் எங்கள் வீட்டின் சட்டம். மற்றவர்களுக்கு மனம் இருப்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். முப்பதைத் தாண்டி முன்நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது, இன்னும் சின்னவன்தான். விளம்பரப் பலகை மாட்டும் வேலையில் இருந்தான். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. மாத்திரை கிடைக்காதபோது தூள், தூள் போதாதபோது ஊசி. நான் முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் துணி ஆல்டர் செய்கிறவள். ஜிப் மாற்றுவது, பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது. துணியின் ஓரம் அடிக்கும் என்னுடைய ஓவர்லாக் மிஷினிலிருந்து மோட்டாரை மட்டும் கழற்றி விற்றவன் அவன். விற்றது போதாதென்று மிஷினுக்கு உறையை வேறு அழகாகப் போட்டு மூடி வைத்திருந்தான். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்க, நான் பெடலை மிதித்து மிதித்துப் பார்த்து அசடு வழிந்தேன். அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அவன் கொஞ்சம் சதை போட்டு, தலையைப் படிய வாரி, நல்ல பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என் மாமியார் அவன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சிஸ்டர் உள்ளே வந்தார். கட்டையான உருவம், காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்குக்கூட இல்லை. மேஜையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைப் போட்டார்.

"இத உங்க வீட்டுல யாரு கத்துக்கப் போறீங்க?"

பெட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் சமாச்சாரங்கள் இருந்தன. சளி பிடித்தால் மூக்கில் அடித்துக்கொள்வோமே, அந்த மாதிரி.

"என்னது இது?" என்றார் மாமியார்.

"அளவுக்கு மீறிப் போட்டுட்டு மூச்சு நின்னு கிடந்தான்னா, இத மூக்குல வெச்சு அடிக்கணும். மூச்சு திரும்ப வரும்."

அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முகம் மாறியது. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சிஸ்டர், அவன்தான் எல்லாத்தையும் விட்டுட்டானே."

"விட்டுட்டான். அதான் பயமே" என்றார் சிஸ்டர். "இத்தனை நாள் உள்ள இருந்ததுல உடம்பு அத மறந்துடுச்சு. மனசு மறக்கல. வெளிய போய் ஒரு நாள் தடுக்கி விழுந்தான்னா, பழைய அளவைத்தான் கை எடுக்கும். அன்னைக்குத் தாங்கின உடம்பு இன்னைக்குத் தாங்காது. எங்ககிட்டேர்ந்து போய்ச் செத்தவங்கள்ல, போன கொஞ்ச நாள்லயே செத்தவங்கதான் அதிகம்."

மாமியார் எழுந்து நின்றுவிட்டார். அவர் கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். அதுதான் பயங்கரம்.

"வாசல்ல 'வர்றேன்'னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்கிறீங்க. இங்க உட்கார்ந்துக்கிட்டு மருந்தைக் கையில குடுத்து 'போய்ப் போட்டுட்டு வாப்பா'ன்னு சொல்லாம சொல்றீங்க. உங்க வாயில நல்ல வார்த்தையே வராதாம்மா?"

"அவன் எங்கம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கான்" என்றார் வீட்டுக்காரர். "இத வாங்கினா அந்தச் சத்தியத்துக்கு என்ன மரியாதை?"

"சத்தியத்த மூக்குல அடிச்சா மூச்சு வராது சார்."

சின்னவன் வாயைத் திறந்தான். "எனக்கு வேணாம் சிஸ்டர்."

"உனக்கு எவன் குடுத்தான்? விழுந்து கிடக்கிறப்போ நீயே எழுந்து அடிச்சுக்கப் போறியா? வீட்டுல யாராவது கத்துக்கணும். ஒருத்தர் போதும். சொல்லுங்க, யாரு?"

 மாமியார் ஜன்னலைப் பார்த்தார். வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்தார். அந்தப் பெட்டியைத் தொட்டால் பிள்ளை கெட்டுப்போவான் என்பதுபோல் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுங்கினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. மோட்டார் போன அன்றும் இதே மாதிரிதான், "அவன் எடுத்திருக்க மாட்டான்" என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இப்படிக் குடுங்க" என்றேன்.

சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க?"

"அண்ணி."

"உங்களுக்கு இவன்மேல நம்பிக்கை இல்லையா?"

"துளிகூட இல்ல."

"அப்ப நீங்கதான் சரியான ஆளு. வாங்க."

பக்கத்து அறையில் ஒரு ரப்பர் தலை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தார் என்ன, அதட்டினார். முதலில் உலுக்கு. பெயர் சொல்லிக் கத்து. நெஞ்செலும்பில் முஷ்டியால் அழுத்தித் தேய். அதற்கும் எழவில்லை, உதடு நீலம், மூச்சு குறட்டை மாதிரி இழுக்கிறது என்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல், மருந்தை அடி. தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயில் மூச்சு ஊது. கொஞ்ச நேரம் பார், எழவில்லையா, இரண்டாவதை அடி. எழுந்துவிட்டால் அத்தோடு விட்டுவிடாதே, மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடி மூச்சு நிற்கலாம், பக்கத்திலேயே இரு.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. வேலை செய்யுதான்னு காத்துல அடிச்சுப் பார்க்காதீங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு தடவைதான். அழுத்திட்டா காலி."

வீடு வந்து சேரும்வரை வண்டியில் யாரும் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது மாமியார் மட்டும் சொன்னார்: "உன் வயித்துல பொறந்திருந்தா இத வாங்கியிருப்பியா?"

பதில் சொன்னால் பெரிதாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். போன கையோடு குளியலறைக்கு வெளியே சுவரில் ஓர் ஆணி அடித்தேன். தைத்து மிஞ்சிய சிவப்புத் துணியில் ஒரு பை தைத்து, அதற்குள் பெட்டியைப் போட்டு மாட்டினேன். அடுத்ததாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினேன். முன்பு அவன் ஊசி போட்டுக்கொண்டதெல்லாம் அந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குளிக்கிறவர்கள் சத்தம் கொடுத்தாக வேண்டியதாயிற்று. மாமியார் ஓயாமல் இருமினார். வீட்டுக்காரர் கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் முறையாகப் பாடினார், அதைக் கேட்டபிறகு இவ்வளவு நாள் பாடாததற்கு நன்றி சொல்லத் தோன்றியது. சின்னவன் சீட்டி அடித்தான். என்னைக் கடுப்பேற்றவே அடித்தான்.

முதல் வாரம் முழுக்க அந்தப் பைக்கும் எனக்கும் மாமியாருக்கும் கண்ணாமூச்சி. காலையில் எழுந்தால் ஆணி மட்டும் இருக்கும். பை சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கும், இல்லாவிட்டால் பழைய செய்தித்தாள் கட்டுக்கு அடியில். தேடி எடுத்து மறுபடி மாட்டுவேன். "வீட்டுக்குள்ள எமனுக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்கா" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார். துணி கொடுக்க வந்த ஒருத்தி சிவப்புப் பையைப் பார்த்துவிட்டு, "இது என்னக்கா, திருஷ்டிக்கா?" என்று கேட்டாள். "ஆமா, எங்க வீட்டுத் திருஷ்டி மாடியில தூங்குது" என்றேன்.

மாடியிலிருந்த திருஷ்டி இறங்கி வந்து ஒரு நாள் என் மிஷின் முன்னால் நின்றது.

"என்னை நம்பலையா அண்ணி?"

"இல்ல."

"ஒரு வார்த்தை பொய்யாவாவது சொல்லலாமில்ல?"

"பொய் சொல்றதுக்குத்தான் இந்த வீட்டுல நீ இருக்கியே."

அவன் முகம் கறுத்தது. "உங்க கையால பொழைக்கிறதுக்கு நான் செத்தே போகலாம்."

"போ. ஆனா என் தலைமேல அந்தப் பழியைப் போட்டுட்டுப் போகாதே. நான் ஆணியில மாட்டி வெச்சுட்டேன், அத்தோட என் வேலை முடிஞ்சுது."

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட மாமியார் வாங்கிக் கொடுத்தால்தான் தொடுவான். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. என் நினைப்பெல்லாம் வேறொன்றில் இருந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு ஃபேக்டரியில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன், எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள். பெரிய ஹால், பெரிய மேஜை, மோட்டாரை யாரும் கழற்றிக்கொண்டு போகாத மிஷின்கள். இந்த முன்னறையையும் இந்த வீட்டுக் காவலையும் விட்டு வெளியே போக எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மாமியாருக்கு அதுவும் பிடிக்கவில்லை. "அவன் தேறி வர்ற நேரத்துல இவ ஓடுறா" என்றார். காவல் காத்தாலும் குற்றம், காவலை விட்டாலும் குற்றம்.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் அவருடைய கைங்கரியத்தைக் காட்டினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பொருளையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் விட மாட்டார். புது டார்ச் வாங்கினால் கடையிலேயே பேட்டரி தீரும் அளவுக்கு எரித்துப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்தவர், ஆணியிலிருந்து சிவப்புப் பையைக் கழற்றி, ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் 'புஸ்' என்று ஒரு சத்தம்.

"வேலை செய்யுது" என்றார் திருப்தியாக.

"ஐயோ பாவி மனுஷா!"

"ஏன் கத்துறே? அவசரத்துக்கு எடுத்து, அது அடைச்சுக்கிட்டிருந்தா என்ன பண்ணுவே? டெஸ்ட் பண்ணாத லிஃப்ட்ல ஆளை ஏத்துவாங்களா?"

"இது லிஃப்ட் இல்ல. ஒரு தடவைதான் மேல போகும். அந்த ஒரு தடவையை நீங்க ஏறிட்டீங்க!"

அவருக்கு விளங்கியபோது முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா, "இன்னும் ஒண்ணு இருக்கில்ல, அவன் எங்க தொடப் போறான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். நான் மையத்துக்கு ஃபோன் போட்டேன். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை, அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. மருந்து ஸ்டோரைப் பார்ப்பவர் லீவு, சனி ஞாயிறு கழித்துத்தான் கிடைக்கும் என்றார். "அதுவரைக்கும் ஒண்ணுதான். அது பத்தலேன்னா உங்க மூச்சுதான், தெரிஞ்சுக்கங்க."

மறுநாள் சனிக்கிழமை. வீட்டுக்காரர் யாரோ மாட்டிக்கொண்ட லிஃப்டைத் திறக்கப் போயிருந்தார். மாமியார் காய்கறி வாங்கக் கிளம்பினார். நான் ஒரு கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தமும் சீட்டிச் சத்தமும் கேட்டன. அந்தச் சீட்டியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்தரியை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று நினைத்தேன். நினைத்தபோதுதான் சீட்டி நின்றுவிட்டிருப்பது தெரிந்தது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"டேய்" என்றேன்.

பதில் இல்லை. "டேய், சத்தம் குடு!"

கதவைத் தள்ளினேன். சுவரில் சாய்ந்து, கழுத்து மடங்கி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டபடி ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு நாவற்பழ நிறம். தொண்டைக்குள்ளிருந்து ஏதோ இழுபடுவதுபோல் ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை.

உலுக்கினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். நெஞ்சில் முஷ்டியை வைத்துத் தேய்த்தேன், தோல் சிவந்ததே தவிர அவன் கண்ணைத் திறக்கவில்லை. ஃபோனைத் தரையில் வைத்து ஆம்புலன்ஸுக்கு முகவரியைக் கத்திக்கொண்டே ஆணியிலிருந்து பையைப் பிடுங்கினேன். இருந்த ஒன்றை எடுத்து அவன் மூக்கில் வைத்து அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொன்று இல்லை என்று தெரிந்தும் பெட்டிக்குள் கை போயிற்று. காலியாகிப்போன அந்தப் பிளாஸ்டிக்கை வீட்டுக்காரர் பத்திரமாகப் பெட்டியிலேயே திருப்பி வைத்திருந்தார். அதை வீசி எறிந்தேன்.

வேறு வழி இல்லை. அவனைத் தரையில் இழுத்துப் படுக்கப் போட்டு, தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, அவன் வாயில் என் வாயை வைத்தேன். நான் முகத்தைப் பார்க்கவே விரும்பாத ஒருவன். அவனுக்கு என் நெஞ்சுக்குள்ளிருந்த காற்றை ஊதினேன். அவன் மார்பு மேலே எழும்பியது, தாழ்ந்தது. மறுபடி ஊதினேன். நடுவில் கிடைத்த இடைவெளியில் எல்லாம் திட்டினேன். "மூச்சு விடுடா. திருட்டு நாயே, மூச்சு விடு. மோட்டார் திருடா. என் மோட்டாரைக் குடுத்துட்டுச் சாவுடா." அழுதுகொண்டே திட்டினேன்.  அவன் செத்துவிடுவான் என்று நிச்சயமாக நினைத்தேன். இதே மாமியாரின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று நினைத்தேன்.

எத்தனை முறை ஊதினேனோ தெரியாது. திடீரென்று அவன் உடம்பு வில்லாக வளைந்தது. பெரிதாக இழுத்து ஒரு மூச்சு. இருமல். வாந்தி. அதில் பாதி என்மேல்.

கண்ணைத் திறந்தவன் முதல் வேலையாக என் முகத்தில் ஓர் அறை விட்டான்.

"யாருடி உன்னைக் கேட்டா? என்னடி பண்ணே என்னை?" அவன் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது, மயிர்க்கூச்செறிந்து நின்றது. அந்த மருந்து உள்ளே இருக்கும் போதையை ஒரே அடியில் பிடுங்கி எறியும், எழுகிறவன் நரகத்தில் எழுவான் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். "விடு, நான் வெளிய போகணும்!"

"போய்ப் பார்றா."

கதவை மறித்து உட்கார்ந்தேன். வெளியே போனால் மருந்து இறங்கியதும் தெருவில் விழுவான். அவன் என்னைக் காலால் உதைத்தான். நான் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். இருவரும் ஈரத்திலும் வாந்தியிலும் புரண்டுகொண்டிருந்தபோது வாசலில் காய்கறிப் பை விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

மாமியார் கண்ணில் பட்டது இதுதான்: அவர் பிள்ளை அழுகிறான், நான் அவனைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.

"என் புள்ளைய என்னடி பண்றே!" என்று வந்து என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்துதான் மூன்று பேரையும் பிரித்தார்கள். வந்தவர்களில் ஒருவர், "இதுல பேஷன்ட் யாருங்க?" என்று உண்மையாகவே கேட்டார்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் அவன் தெளிந்து கிடந்தான். என் கன்னம் வீங்கியிருந்தது. மாமியார் நேற்றிலிருந்து ஒரே பல்லவி. "நீ அத அங்க மாட்டி வெச்சதாலதான் அவனுக்குத் தைரியம் வந்துச்சு. நீதான் அவனுக்கு வழி காட்டினே." வீட்டுக்காரர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தான் அடித்துப் பார்த்ததைப் பற்றி யாராவது பேசிவிடுவார்களோ என்று அம்மாவை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நானும் அவனும் மட்டும் இருந்தோம். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அண்ணி."

"பேசாதே."

"திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க வேலைக்குப் போயிடுவீங்க. அதான் நேத்துப் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை. புரியாததால் இன்னும் கோபம் வந்தது. "என்ன உளர்றே?"

"ரெண்டு மூணு நாளாவே அதே நினைப்பு. முடியல. அம்மா மட்டும் இருக்கிறப்போ போட்டு விழுந்தா, என் தலையை மடியில வெச்சுக்கிட்டு அழுவாங்க. தூங்குறான் பாவம்னு அண்ணன் போர்வையை இழுத்து விட்டுட்டுப் போவான். நீங்கதான் சந்தேகப்படுவீங்க. சீட்டி நின்னா வந்துடுவீங்கன்னு தெரியும்."

"வராம இருந்திருந்தா? காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா?"

"நீங்க இருக்க மாட்டீங்க."

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்மேல் யாரும் வைக்காத நம்பிக்கை அது. வைத்தவன் இவன். வைத்து, அதன்மேல் தன் உயிரைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சீட்டி அடித்திருக்கிறான். எனக்கு அவனை அந்தக் கட்டிலிலேயே கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. நான் வீட்டில் இருந்தால் என்னை நம்பிப் போடுவான். வேலைக்குப் போனால் காப்பாற்ற யாரும் இல்லாமல் போட்டுச் சாவான். இரண்டு பக்கமும் என்னைக் கட்டிப்போட்டுவிட்டு இவன் கூரையைப் பார்க்கிறான்.

"உன் நம்பிக்கையை நீயே வெச்சுக்கோ. எனக்கு வேணாம்" என்றேன். 

சிஸ்டர் வந்தபோது மாமியாரும் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்கள். விடுமுறையில் இருந்தவரை வீட்டிலிருந்து வரவழைத்து, ஸ்டோரைத் திறக்க வைத்து, புதுப் பெட்டி கொண்டுவந்திருந்தார் சிஸ்டர். என் கன்னத்தைப் பார்த்தார்.

"இத யார் கையில குடுக்கட்டும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நேற்று என் மயிரைப் பிடித்து இழுத்த மாமியாரும் என்னைத்தான் பார்த்தார்.

"நான் நாளையிலேர்ந்து வேலைக்குப் போறேன் சிஸ்டர். பகல் முழுக்க வீட்டுல இருக்க மாட்டேன். இவங்களுக்குச் சொல்லிக்குடுங்க."

"அதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?" என்றார் மாமியார். "இவ மாட்டி வெச்சதாலதான் இவ்வளவும். அது இல்லேன்னா அவன் தொட்டிருக்கவே மாட்டான்."

"அது இல்லேன்னா வேற எங்கயாவது ஒரு கக்கூஸ்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் போட்டிருப்பான்மா" என்றார் சிஸ்டர். "நீங்க இப்ப இங்க நின்னு சண்டை போட்டுக்கிட்டிருக்க மாட்டீங்க."

"கேளுங்க அத்தை" என்றேன் நான். "உங்க புள்ளையையே கேளுங்க. ஏன் நேத்துப் போட்டேன்னு. நீங்க இருக்கிறப்போ ஏன் போடலேன்னு கேளுங்க."

மாமியார் அவனைப் பார்த்தார். அவன் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் சொன்னான். என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள், மடியில் வைத்து அழுவாங்க என்பதுவரை.  வீட்டுக்காரர் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

 மாமியார் திட்டப்போகிறார் என்று நினைத்து நான் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. மெதுவாகக் கையை நீட்டி, சிஸ்டரிடமிருந்து பெட்டியை வாங்கினார். ஒன்றை எடுத்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் திருப்பிக் கொடுத்தேன்.

"எந்த மூக்குல வெக்கணும்?" என்று கேட்டார்.

அவன் படக்கென்று தலையைத் திருப்பினான். உன்னை நம்பவில்லை என்று நான் முகத்துக்கு நேராகச் சொன்னபோது அவன் முகம் கறுத்ததோடு சரி. அம்மா கேட்ட இந்த ஒரு கேள்வியில் அவன் முகம் உடைந்தது. போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, கட்டில் ஆட ஆட அழுதான். மாமியார் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுல வேணாலும் வெக்கலாம்மா" என்றார் சிஸ்டர். "நல்லா உள்ள வெச்சு, ஒரே அழுத்தா அழுத்தணும். வாங்க, சொல்லித் தர்றேன்."